வாகை சூடப் போய்த் தூங்குமூஞ்சி சூடிய கதை

பழந்தமிழ் மன்னர்கள் போருக்குக் கிளம்புமுன் வாளைத் தீட்டினார்கள், யானைக்குக் கவளம் கொடுத்தார்கள், அப்புறம் தலையாய வேலையாகப் பூப் பறிக்கப் போனார்கள்! எதிரியின் மாட்டை ஓட்டி வர வெட்சி. பறிகொடுத்த மாட்டை மீட்கக் கரந்தை. படையெடுக்க வஞ்சி, தடுத்து நிற்கக் காஞ்சி. கோட்டையை முற்றுகையிட உழிஞை, உள்ளே இருந்து காக்க நொச்சி. களத்தில் நேருக்கு நேர் மோதத் தும்பை. ஜெயித்துவிட்டால் வாகை. ஐ.பி.எல். டீம்களுக்கு ஜெர்சி போல அன்றைக்குத் தலையில் பூ. படு ஸ்டைலான ஏற்பாடுதான். ஒரே ஒரு ரிஸ்க்: வீரனுக்குப் பாட்டனி தெரியாவிட்டால், சொந்தக் கட்சிக்காரனே வெட்டிச் சாய்த்துவிடுவான்!

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விடிந்தும் விடியாத நேரம். "எல்லோரும் உழிஞை சூடுங்கள்!" என்று தளபதி கர்ஜிக்கிறார். ஆயிரம் பேர் புதருக்குள் பாய்கிறார்கள். பாதிப் பேர் முடக்கற்றான் கொடியோடு திரும்பி வருகிறார்கள். மீதிப் பேர் கையில் கொற்றான் கொடி. "என்னுடையதுதான் ஒரிஜினல் உழிஞை" என்று இரண்டு கோஷ்டியும் மல்லுக்கு நிற்கிறது. கோட்டைக்குள் இருக்கும் எதிரி மன்னன் மதிலில் சாய்ந்தபடி வேடிக்கை பார்க்கிறான்!

இது வீரர்களின் சண்டையோ என்னவோ, தமிழ்ப் பண்டிதர்கள் நிஜமாகவே போட்ட சண்டை. உழிஞை என்றால் முடக்கற்றான் என்பார் ஒருவர். கொற்றான் என்பார் இன்னொருவர். முடக்கற்றானை உங்களுக்குத் தெரியும், முட்டி வலிக்காகத் தோசை மாவில் அரைத்து ஊற்றுவது. கொற்றான் வேறு ஜாதி. இலையே கிடையாது. பச்சை நூலாக வேலிமேல் படர்ந்து, அடுத்த செடியை உறிஞ்சியே காலத்தை ஓட்டும் ஒட்டுண்ணி. அடுத்தவன் ஊரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அந்த ஊர் நெல்லையே தின்று தீர்க்கும் முற்றுகைப் படைக்கு எந்தப் பூ பொருத்தம்? என் ஓட்டு கொற்றானுக்குத்தான்!

கரந்தையிலும் இதே கூத்து. வயலில் அறுவடைக்குப் பின் உருண்டை உருண்டையாகப் பூக்கும் கொட்டைக்கரந்தை என்று ஒரு கட்சி. துளசிக்குச் சொந்தக்காரியான திருநீற்றுப்பச்சை என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் உறவு முறையே கிடையாது. பொதுவாக இருப்பது வாசனை மட்டும்தான். பார்க்காமல் மோந்து மட்டுமே அடையாளம் சொன்னால் இப்படித்தான் ஆகும்!

தாவரவியலாளர்களிடையே இரண்டு பரம்பரைக் கோஷ்டிகள் உண்டு. கொஞ்சம் ஒத்துப்போனால் போதும், எல்லாவற்றையும் ஒரே இனமாக மூட்டை கட்டிவிடுகிறவர்கள் முதல் கோஷ்டி. இலையில் நாலு மயிர் கூடுதலாக இருந்தால் உடனே புது இனம் என்று கொடி பிடிக்கிறவர்கள் இரண்டாவது. இந்த வியாதி மேல்நாட்டு இறக்குமதி என்று நினைத்துவிடாதீர்கள். தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கிவிட்டார். பல நூற்றாண்டு கழித்துப் புறப்பொருள் வெண்பாமாலை எழுதிய ஐயனாரிதனார் வந்தார். "ஏழா? சரியாகப் பாருங்கள் சார், பன்னிரண்டு!" என்று கரந்தையையும் நொச்சியையும் தனித் திணைகளாகப் பிரித்து வைத்தார். மூட்டை கட்டுகிறவருக்கும் பிரித்து மேய்கிறவருக்கும் நடக்கும் சண்டை, நம்மூரில் பாட்டனி டிபார்ட்மென்ட் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது!

கபிலர் இன்னும் பெரிய கில்லாடி. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் கற்பிக்கவே குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. ஆசையாகத் தமிழ் கேட்க வந்த ராஜாவுக்கு 99 பூக்களின் பெயரை மூச்சு விடாமல் அடுக்கிவிட்டார். தும்பையும் உண்டு, வாகையும் உண்டு. படம் இல்லை, இலை எப்படி இருக்கும் என்ற விவரமும் சொற்பம்தான். எந்தப் பெயர் எந்தச் செடி என்று இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் மோதிக்கொள்கிறார்கள். ஒரே பாட்டில் பிற்காலத்துப் பண்டிதர்கள் அத்தனை பேருக்கும் வேலைவாய்ப்பு தந்த வள்ளல் வேறு யார்?

சரி, இந்தப் பூ யூனிஃபார்ம் விஷயத்தை நிஜக் கோட்டை ஒன்றில் வைத்து டெஸ்ட் பண்ணலாம். செஞ்சியைவிட நல்ல இடம் கிடையாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் இணைத்து மதில். யாரோ ஓர் அசுரக் குழந்தை விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி பாறைக் குவியல். நடுநடுவே உசில், நொச்சி, முட்புதர். மழை பெய்தால் தரையெல்லாம் தும்பை. "கிழக்கின் ட்ராய்" என்று வெள்ளைக்காரர்கள் மெச்சிய கோட்டை. அந்த ட்ராய்க்கு ஒரு மரக்குதிரை தேவைப்பட்டது. நம்ம ட்ராய்க்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை, பின்னால் சொல்கிறேன்!

கோட்டைக்கு முதல் கல் வைத்தவர் சுமார் 1200-ஆம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்கிறது மரபு. ஆடு மாடு மேய்த்த குலம். இதை யாரும் தாவரவியல் கோணத்தில் பார்க்கவில்லை என்பது என் மனக்குறை. செடியைச் செடியிலிருந்து பிரித்துப் பார்ப்பதில் ஆட்டை மிஞ்சிய ஆள் உண்டா? புதரில் தின்னக்கூடியதைத் தின்றுவிட்டு, பக்கத்திலேயே ஒட்டி நிற்கும் நொச்சியை ஒரு முறை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் நொச்சியை வேலியாக நட்டார்கள். கோட்டையைக் காக்கிறவனுக்கு நொச்சிப் பூ கொடுத்த தமிழன் லேசுப்பட்டவன் இல்லை. முதல் கன்சல்டன்ட் ஆடாகத்தான் இருக்க வேண்டும்!

ஆனால் நொச்சியிலும் நொச்சி உண்டு. சாதா நொச்சிக்குப் பெரும்பாலும் ஐந்து சிற்றிலை, சில சமயம் மூன்று. நீர்நொச்சி என்கிற சகோதரிக்குப் பெரும்பாலும் மூன்று. "எண்ணினால் போச்சு, இதில் என்ன கஷ்டம்?" என்று கிளம்புகிறவர், மூன்று இலையோடு நிற்கிற சாதா நொச்சியிடம் ஏமாந்து திரும்புவார். நடுச் சிற்றிலையைப் பாருங்கள். அதற்குத் தனியாகக் குட்டிக் காம்பு இருந்தால் நொச்சி. காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நீர்நொச்சி. கோட்டைக் கதவு திறப்பதும் திறக்காததும் ஒரு மில்லிமீட்டர் காம்பில் இருக்கிறது!

இப்போது 1689. மராட்டிய மன்னர் ராஜாராம், ஔரங்கசீப்பின் பிடியிலிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்கிறார். எப்படி? துறவி வேஷத்தில்! சத்ரபதி சிவாஜியின் மகன், காவி கட்டிய யாத்ரீகர் கும்பலில் ஒருவராகத் தென்னாட்டுக்கு வருகிறார். மொகலாய ஒற்றர்கள் வழியெல்லாம் தேடுகிறார்கள். ராஜா என்றால் கிரீடம் இருக்கும், குதிரை இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. பூவை மட்டும் பார்த்துச் செடியை முடிவு செய்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்!

1690-ல் மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் வந்து செஞ்சியை வளைத்தார். முறைப்படி உழிஞை வெளியே, நொச்சி உள்ளே. எவ்வளவு நாள் நடந்தது தெரியுமா? 1698 வரை! எட்டு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, நடந்து, மூன்றாம் வகுப்புக்குப் போகிற காலம். இடையில் மொகலாயப் படையே சோற்றுக்கு லாட்டரி அடித்து, வந்தவாசி வரைக்கும் பின்வாங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. முற்றுகை போட்டது யார், மாட்டிக்கொண்டது யார் என்பதே குழம்பிப் போயிற்று.

அதைவிடப் பெரிய குழப்பம் ஆள் அடையாளத்தில். முற்றுகைக்கு உதவி செய்ய ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் வந்தார். வந்தவர் உள்ளே இருந்த ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார். விஷயம் கசிந்தது. ஜுல்ஃபிகர் கானும் அவருடைய அப்பா அசத் கானும் சேர்ந்து இளவரசரையே கைது செய்தார்கள். ஆகா, என்ன ராஜ விசுவாசம்! என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் அந்த ஜுல்ஃபிகர் கானே மராட்டியரோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார், சண்டையை வேண்டுமென்றே ஜவ்வாக இழுத்தார் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்!

வெளியே உழிஞை, உள்ளே நொச்சி என்று கோடு போட்டுப் பிரித்த இலக்கண ஆசிரியர் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் ஓலையைக் கிழித்துப் போட்டிருப்பார். தலையில் ஒரு பூ, மடியில் இன்னொரு பூ என்று புதுத் திணை ஒன்றே எழுத வேண்டியிருந்திருக்கும். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை. ஏற்கெனவே கம்பி நீட்டிவிட்டார்!

அடுத்து நம்ம செல்லப் பிள்ளை, ராஜா தேசிங்கு. நிஜப் பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திர வாலிபர். அப்பா ஸ்வரூப் சிங் கட்டாத பாக்கிக்காக ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் நோட்டீஸ் விட, "தர முடியாது, ஆனதைப் பார்" என்று குதிரையில் ஏறிவிட்டார். 1714 அக்டோபரில் போர். நவாப் பக்கம் பல ஆயிரம், இவர் பக்கம் சில நூறு. நண்பன் மகமத் கான் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான் என்கிறது கதைப்பாட்டு. இருவரும் களத்திலேயே போனார்கள். தேசிங்குக்கு அப்போது வயது 22. ஆண்டதோ ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அதற்கு இன்றுவரை பாட்டு, கூத்து, சினிமா! எட்டு வருஷம் கோட்டைக்குள் இருந்த ராஜாராமுக்குச் செஞ்சி வட்டாரத்தில் ஒரு கூத்துகூடக் கிடையாது. தும்பை சூடுகிறவனுக்குத்தான் டிக்கெட் விற்கும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்ட விஷயம்!

தும்பை என்றதும் "அதான் தெரியுமே, வெள்ளையாக இருக்கும், குழந்தைகள் தேன் உறிஞ்சும்" என்று சொல்லிவிட்டு நகரப் போகிறீர்கள். நில்லுங்கள். இந்தியாவில் தும்பைக்குப் பங்காளிகள் டஜன் கணக்கில் இருக்கிறார்கள். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் உதடு மாதிரி இதழ், எல்லாம் பார்க்கச் சாது. கணுவுக்குப் பெரும்பாலும் இரண்டே பூ வைத்தால் ஓர் இனம். பெரிய பந்தாக உருண்டு, சுற்றிலும் இலை மாதிரித் தடுக்கு வைத்தால் இன்னோர் இனம். இலை ஒல்லியாக நீண்டிருந்தால் வேறொன்று. இதெல்லாம் எளிய கேஸ்கள்.

நிஜமான தகராறு நாம் தினம் பார்க்கும் தும்பைக்கும் இலங்கைப் பெயர் தாங்கிய அதன் உடன்பிறப்புக்கும் நடுவில். அங்கே இதழைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பூ உட்கார்ந்திருக்கும் பச்சைக் குப்பியை, அதாவது புல்லி வட்டத்தை, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் வாய் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, விளிம்பில் பற்கள் எப்படி, மேல்பல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பல் டாக்டர் மாதிரி சோதிக்க வேண்டும். மண்டியிட்டு, தரையில் முகம் பதித்து, ஒரு கண்ணை மூடி! போர்க்களத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அடையாளம் தெரியும், தலை இருக்காது!

1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். தளபதி புஸ்ஸி. மொகலாயருக்கு எட்டு வருஷம் தண்ணி காட்டிய அதே கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார். மரக்குதிரைக்குக்கூட நேரமில்லை! காலையில் வெளிச்சத்தில் மலையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, தாங்கள் எப்படி மேலே ஏறினோம் என்பதே நம்பமுடியாமல் இருந்ததாம். இப்படிச் செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1753-ல்தான், ஐரோப்பாவின் இன்னொரு கோடியில் ஓர் ஆசாமி, சண்டையே போடாமல் உலகம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய மேதை. தன்னடக்கம் மட்டும் ஸ்டாக் இல்லை. செஞ்சிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நம்ம ஊர்ச் செடிகளுக்கெல்லாம் நாமகரணம் செய்தார். பாண்டியனின் குலப்பூவான வேம்புக்கு அவர் வைத்த பெயர் மீலியா அசாடிரக்டா. அதன் உறவுக்காரரான, ஊதாப் பூ பூக்கும் மலைவேம்பு வகைக்கு மீலியா அசெடராக். சத்தமாகப் படித்துப் பாருங்கள். இரட்டைக் குழந்தைகளுக்கு ரமேஷ், ராமேஷ் என்று பெயர் வைத்த தகப்பன் மாதிரி! 1830-ல் ஜூஸியூ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து வேம்பைத் தனிக்குடித்தனம் வைத்த பிறகுதான் இந்த வீட்டில் குழப்பம் தீர்ந்தது.

இத்தனைக்கும் வித்தியாசம் கண்ணைக் குத்துகிறது. வேம்பின் இலைக்காம்பில் சிற்றிலைகள் நேராக இரு பக்கமும் வரிசை கட்டும். மலைவேம்பில் காம்பு கிளைவிட்டு, அந்தக் கிளையில்தான் சிற்றிலை. வேம்புப் பூ வெள்ளை, அது ஊதா. மதுரை வீதியில் எந்தப் பாட்டியும் போகிற போக்கிலேயே சொல்லியிருப்பாள். பாட்டியைத்தான் யாரும் கேட்கவில்லை!

லின்னேயஸின் குசும்புக்கு ஒரு சாம்பிள், கானாவாழை. மழை முடிந்ததும் வரப்பெல்லாம் நீலமாகக் கண் சிமிட்டுமே, அதுதான். உற்றுப் பார்த்தால் இரண்டு இதழ் பளிச்சென்று பெரிதாக இருக்கும், மூன்றாவது சோப்ளாங்கி. ஹாலந்தில் கொம்மெலின் குடும்பத்தில் தாவர ஆர்வலர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பெரும் புகழ் பெற்றார்கள். மூன்றாமவர் எதுவும் சாதிப்பதற்கு முன்பே இறந்துபோனார். "ஆகா, இந்தப் பூவுக்கும் அதே கதை!" என்று குடும்பப் பெயரையே செடிக்கு வைத்துவிட்டார் லின்னேயஸ். அவரே எழுதி வைத்த விளக்கம் இது. இரங்கல் கூட்டத்துக்குக் கூப்பிடக் கூடாத ஆசாமி!

கானாவாழை அதற்குச் சரியான பதிலடி வைத்திருந்தது. வரப்பில் இரண்டு வகை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அகல இலை, இலையுறையின் வாயில் செந்நிற மயிர், பூவைத் தாங்கும் பச்சை மடல் அடியில் மூடிய புனல் மாதிரி இருந்தால் அது வங்காளப் பெயர் கொண்ட இனம். மடல் திறந்து, மடித்த கடிதம் போலிருந்தால் வேறு இனம். முதல் வகையை மெல்லத் தோண்டிப் பாருங்கள். மண்ணுக்குள்ளே, வெளிச்சமே படாமல், திறக்கவே திறக்காத பூக்கள்! தானே மகரந்தம் சேர்த்து, தானே விதை வைக்கும். மேலே நீல இதழைக் காட்டி மேதைகளை ஜோக் அடிக்க விட்டுவிட்டு, கீழே கமுக்கமாகக் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

லின்னேயஸின் சீடர் ஒருவர் நேரில் வந்தார். ஜொஹான் ஜெரார்ட் கோனிக். 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் வைத்தியராக இறங்கினார். வைத்தியத்தைவிடச் செடிமேல்தான் கண். பிறகு ஆற்காடு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராக வேலை, 1778-லிருந்து சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை. தேசிங்குவிடம் பாக்கி கேட்டு மல்லுக்கட்டிய அதே ஆற்காட்டு கஜானா, இப்போது செடி பறிக்க ஒரு வெள்ளைக்காரருக்குச் சம்பளம் கொடுத்தது! கோனிக்கின் பெயர் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறது, கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில். அதன் முதல் சொல்லைப் பண்டிதர்கள் மாற்றி மாற்றி வைத்தார்கள். இரண்டாவது சொல்லான கோனிகியை யாரும் அசைக்கவில்லை. மூன்று வேளையும் அந்த மனிதரை நாம் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைக்கிறோம்!

தரங்கம்பாடியில் அவர் வழியில் ஒரு கோஷ்டி சேர்ந்தது. ரோட்லர், யோன், க்ளைன், ஹைன். அந்தக் காலத்து வாட்ஸப் குரூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி பறிப்பார்கள், காய வைப்பார்கள், சரிபார்ப்பார்கள், ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். ரோட்லர் பாதிரியார் 1799-ல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போகும்போது வழியெல்லாம் செடிக்குறிப்பு எடுத்தார். சும்மா இருக்கும் நேரத்தில் தமிழ்-ஆங்கில அகராதி வேறு தொகுத்தார். அவரைக் கௌரவிக்க ரோட்லரா என்று ஒரு பேரினமே படைத்தார்கள். சிவப்புச் சாயப் பொடி தரும் மரம் அதில் கம்பீரமாக உட்கார்ந்தது. பின்னால் வந்தவர்கள் பழைய ரெக்கார்டைப் புரட்டி, "இது ஏற்கெனவே இருக்கிற மல்லோட்டஸ்தான்" என்று தீர்ப்பு சொல்லி, ரோட்லரின் போர்டைக் கழற்றிவிட்டார்கள். அகராதி மட்டும் தப்பித்தது!

ராபர்ட் வைட் கதை இன்னும் ருசி. ஸ்காட்லாந்து டாக்டர், 1819-ல் இந்தியா வந்தவர். 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரப் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். எல்லாப் பெருமையும் அவருக்கு. படம் வரைந்தது? ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். இரண்டு இனங்களைப் பிரிக்கும் அந்த ஒரு மயிர், ஒரு மடிப்பு, ஒரு பல், எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டு, அவர்கள் தூரிகை வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. வைட்டுக்கும் மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். ஆகா! என்று நாம் எழுந்து நின்று கைதட்டுவதற்குள், "இது ட்ரொபிடியா, பழைய சரக்கு" என்று அதையும் கழற்றிவிட்டார்கள். வைட் பெயரில் மட்டும் செடிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன!

"பெயர்தானே, எப்படி இருந்தால் என்ன?" என்கிறீர்களா? அப்படியானால் கீழாநெல்லிக்கு வாருங்கள். வேலியோரத்தில் முளைக்கும், இலைக்கடியில் குட்டி நெல்லி தொங்கும், மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்நாடே ஓடிப் பறிக்கும் செடி. அதற்கு ஃபில்லாந்தஸ் நிருரி என்று தலைமுறை தலைமுறையாகப் பாடப் புத்தகத்தில் எழுதி மார்க் வாங்கினோம். 1950-களில் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கர் ரெக்கார்டைத் தோண்டினார். லின்னேயஸ் நிருரி என்று சொன்னது அமெரிக்கக் கண்டத்துச் செடி! நம்ம வேலியில் அது இல்லவே இல்லை!

அப்போது நம்ம வேலியில் நிற்பது யார்? 1985-ல் மித்ரா, ஜெயின் என்ற இந்தியத் தாவரவியலாளர்கள் விசாரணைக் கமிஷன் நடத்தினார்கள். அறிக்கை என்ன சொன்னது? ஒருவரில்லை, மூன்று பேர்! அமாரஸ், ஃப்ரடெர்னஸ், டெபிலிஸ். மூவரும் ஒரே ரேஷன் கார்டில் இத்தனை வருஷம் சாமான் வாங்கியிருக்கிறார்கள். பிடிப்பது எப்படி? பூவிதழை எண்ண வேண்டும். ஐந்து என்றால் அமாரஸ், ஆறு என்றால் மற்ற இருவரில் ஒருவர். அந்தப் பூ கடுகைவிடச் சின்னது என்பதுதான் சங்கடம்!

இதில் உச்சகட்டம் சென்னையில். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க், நம்ம கீழாநெல்லியில் ஆர்வம் கொண்டார். 1987-ல் அவர் குழுவின் ஆய்வுக் கட்டுரை வந்தது, செடியின் பெயர் நிருரி. 1988-ல் சென்னையின் தியாகராஜன் குழுவோடு சேர்ந்து லான்செட்டில் எழுதினார்கள், பெயர் அமாரஸ்! ஒரு வருஷத்தில் செடிக்குப் பெயர்மாற்ற கெஜட்டே வந்துவிட்டது. 37 நோயாளிகளில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்ற செய்தி உலகைச் சுற்றியது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, மருந்தே வேலை செய்யவில்லையா என்று விவாதம். காமாலை வந்தால் வேலியோரம் போய் இதழ் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

மாடு பிடிக்கப் போகிறவனின் வெட்சியை விட்டுவிட்டேனே! சிவப்பு வெட்சியில் பிரச்சினை இல்லை. வெள்ளை வெட்சி இனமும் பாவட்டையும் பக்கத்தில் நின்றால்தான் ஆபத்து. இரண்டுக்கும் நாலு இதழ், இரண்டும் கொத்துக் கொத்தாக. பாவட்டைப் பூவிலிருந்து சூலகத் தண்டு குண்டூசி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பூ இல்லாத காலத்தில்? இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் பாவட்டை. அந்தப் புள்ளிக்குள் குடியிருப்பது பாக்டீரியா! வாடகை தராமல் செடியோடு ஒன்றாகிவிட்ட ஜென்மங்கள். கோடிக்கணக்கான உயிர்கள் காட்டிக்கொடுத்த பிறகும் நாம் பூவின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக வெற்றிக்கு வருவோம். வாகை நம்ம நாட்டு மரம், வெளிர்பச்சை கலந்த வெள்ளையில் பஞ்சு மாதிரிப் பூ, அருமையான வாசனை. அதன் பேரினத்துக்குப் பெயர் ஆல்பிட்ஸியா, இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பிரபு ஒருவரின் குடும்பப் பெயர். அவர் செய்த சாதனை, இந்த ஜாதி மரமொன்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. பெயர் வைத்தவர் எழுத்துப்பிழை வேறு செய்து, இரண்டு இசட்டில் ஒன்றை விழுங்கிவிட்டார். விதிப்படி அந்தப் பிழைதான் இன்றைக்கும் செல்லும். தமிழனின் வெற்றிச் சின்னம் இத்தாலியப் பிரபுவின் பெயரில், அதுவும் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடு!

அதே மாதிரிப் பஞ்சுப் பூ, ஆனால் ரோஸ் நிறத்தில், சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தை நிறையப் பேர் வாகை என்றே நினைக்கிறார்கள். அது தென்னமெரிக்கப் பக்கத்துச் சரக்கு, வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. காயைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாகைக்காய் தட்டையாக, காய்ந்து கலகலவென்று சத்தம் போடும். தூங்குமூஞ்சிக்காய் தடிமனாக, உள்ளே பிசுபிசுவென்று இனிப்பாக இருக்கும், மாடு தேடித் தின்னும். தேர்தலில் ஜெயித்த தலைவரை "வாகை சூடிய" என்று ஃப்ளெக்ஸில் போடுகிறவர்கள், நிஜமாகவே பறித்துச் சூட்டப் போனால் பத்துக்கு எட்டு பேர் தூங்குமூஞ்சியோடுதான் வருவார்கள். சில தலைவர்களுக்குப் பொருத்தமாகவும் இருக்கும்!

செஞ்சியில் ஜெயித்தவர்கள் பட்டியல் பெரிசு. 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1714-ல் நவாப், 1750-ல் பிரெஞ்சு, 1761-ல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ! மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. இவர்களில் பலருக்கும் ஒரு பழக்கம் பொது: வந்ததும் ஊருக்கும் மலைக்கும் தங்கள் பெயரை ஒட்டுவது. பாட்டனி மேதைகள் செடிக்கு ஒட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒட்டியதில் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. செடி எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆகவே, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை செஞ்சிக்குப் போய் வாருங்கள். ராஜகிரி உச்சியில் செல்ஃபி எடுப்பதற்கு முன், படிக்கட்டு ஓரத்தில் கொஞ்சம் குனியுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன லென்ஸ் போதும். எதையும் பறிக்க வேண்டாம், பிடுங்க வேண்டாம். பூவை மட்டும் க்ளோஸப்பில் எடுத்து அனுப்பிவிட்டு "இது என்ன செடி?" என்று கேட்டு யாரையும் வதைக்காதீர்கள். இலையின் அடிப்புறம், காம்பு, புல்லி வட்டம், காய் என்று நாலையும் சேர்த்துப் படம் எடுங்கள். செடிகள் உண்மையைச் சொல்வது அந்த நாலு இடத்தில்தான்.